சிங்கப்பூர் பஃபலோவின் அடிப்பக்கம் என்ன நிறம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 13 வயது மகள் பள்ளியில் சிங்கப்பூர் வீழ்ந்த கதையைப் படித்துவிட்டு, காலாங் விமான நிலையத்திலிருந்து பறந்த பஃபலோ போர் விமானத்தை பிளாஸ்டிக் மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறாள். கரோசலில் யாரோ விற்ற டாமியா நிறுவனத்தின் 1/48 அளவு (உண்மை விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) பழைய மாடல் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டீர்கள். அடிப்பக்கத்துக்குப் பெட்டிக்குள் இருந்த தாள் ஒரு நிறத்தைச் சொல்கிறது, இணையத்தில் ஒருவர் வேறொரு நிறத்தைச் சொல்கிறார், மூன்றாமவர் இரண்டுமே தவறு என்கிறார். எதை நம்புவது, மூவறை வீவக அடுக்குமாடி வீட்டில் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைப் பீய்ச்சும் கருவி) இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தாலும், எந்த அளவுக்குச் சரியாக இருந்தால் போதும், அந்தச் சரியை யாரிடமிருந்து எடுத்துக்கொள்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சிலேத்தாரில் விமானப் பராமரிப்புப் பட்டறையில் தகடு வேலையும் பெயிண்ட் வேலையும் பார்த்து ஓய்வுபெற்றவன். மாடல் செய்வது பள்ளி நாளிலேயே தொற்றிக்கொண்ட பழக்கம். பல ஆண்டுகளாக 1941, 42-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பறந்த விமானங்களைத்தான் பெரும்பாலும் செய்துவருகிறேன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. அலுமினியத் தகட்டின்மேல் பெயிண்ட் எப்படி நடந்துகொள்ளும், எங்கே உரியும், எங்கே உரியாது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட விமானம் ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதில் படங்களும் பதிவுகளும் காட்டும் எல்லைக்குள் நின்றுதான் பேச முடியும்.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். "சிங்கப்பூர் பஃபலோ" என்று பொதுவாக எதையும் செய்யாதீர்கள். ஒரே ஒரு விமானத்தை, அதுவும் படம் கிடைக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் கேன்பராவின் ஆஸ்திரேலியப் போர் நினைவகமும் தங்கள் படத் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. இரண்டிலும் சிங்கப்பூரில் எடுத்த பஃபலோ படங்கள் உண்டு. மகளோடு உட்கார்ந்து பாருங்கள். அவளுக்குப் பிடித்த படம் ஒன்று கிடைத்தால், நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும், மீதிப் பாதி இன்னது என்றும் தெளிவாகிவிடும். பெட்டித் தாளும் இணையத்துப் பக்கவாட்டு ஓவியங்களும் இதே படங்களை யாரோ பார்த்துப் புரிந்துகொண்ட விதம்தான். அந்த வேலையை நீங்களே செய்யலாம்.

உறுதியாகத் தெரிந்தவை எவை என்று சொல்கிறேன். பிரிட்டன் வாங்கிய பஃபலோ, பி-339இ என்ற வகை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த புரூஸ்டர் தொழிற்சாலையில் செய்தது. மொத்தம் 170 விமானங்கள். அவற்றின் வரிசை எண்கள் டபிள்யூ8131 முதல் டபிள்யூ8250 வரையும், ஏஎன்168 முதல் ஏஎன்217 வரையும். 1941-ன் தொடக்கத்திலிருந்து மரப்பெட்டிகளில் கப்பலேறி வந்து, சிலேத்தாரில் பூட்டப்பட்டவை. டிசம்பர் 8-ம் தேதி போர் தொடங்கியபோது பிரிட்டனின் 243-ம் ஸ்குவாட்ரனும் (விமானப் படைப்பிரிவு) நியூசிலாந்தின் 488-ம் ஸ்குவாட்ரனும் காலாங்கில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் 453 செம்பவாங்கில், 21 வடக்கே மலாயாவின் சுங்கை பட்டாணியில். குறியீட்டு எழுத்துகள் 243-க்கு டபிள்யூபி, 488-க்கு என்எஃப், 453-க்கு டிடி, 21-க்கு ஜிஏ. ஆக, மகளுக்குக் காலாங்தான் வேண்டும் என்றால் டபிள்யூபி அல்லது என்எஃப் எழுத்துள்ள விமானம். 243-ல்தான் நியூசிலாந்துக்காரர் ஜெஃப்ரி ஃபிஸ்கன் பறந்தார். பஃபலோவில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்திய காமன்வெல்த் விமானி அவர். ஒரு பிள்ளை ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுக்க அது நல்ல காரணம்.

மேல்பக்க உருமறைப்பும் உறுதி: பிரிட்டிஷ் கரும்பச்சையும் மண்பழுப்பும், அலையலையான பட்டைகளாக. படையின் அடையாள வட்டங்கள் இப்படி: இறக்கையின் மேல் வெள்ளை இல்லாத சிவப்பு-நீல வட்டம், உடல் பக்கவாட்டில் மஞ்சள் வளையம் சூழ்ந்த வட்டம், இறக்கைக்கு அடியில் மஞ்சள் இல்லாத மூவண்ண வட்டம். வாலில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள். சிவப்பு முன்பக்கம் பார்த்து வரும். வட்டத்தில் சிவப்பே இல்லாமல் இரண்டு நீலங்கள் மட்டும் இருக்கும் டெக்கலை (நீரில் நனைத்து ஒட்டும் குறிகள்) யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது என்று சிவப்பை எடுத்தது சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு நடந்தது.

இனி சந்தேகமானவை. நீங்கள் கேட்ட அடிப்பக்கம் இதில்தான் வருகிறது. பிரிட்டிஷ் விதிப்படி அது 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை கலந்த நிறமாக இருக்க வேண்டும். ஆனால் விமானம் அமெரிக்காவில் பூசப்பட்டது; அங்கே கிடைத்த, பிரிட்டிஷ் நிறத்துக்கு ஈடான பெயிண்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஈடு என்றால் ஒன்றேதான் என்று பொருள் இல்லை. அதனால் ஒருவர் வெளிர் பச்சை என்கிறார், ஒருவர் வெளிர் நீலம் என்கிறார், ஒருவர் சாம்பல் என்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இந்த மூன்றுமே படத்தில் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பாகத்தான் விழும். போதாததற்குச் சில விமானங்களில் இடது இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பு. அது எல்லா விமானங்களிலும் இருந்ததா, எத்தனை மாதம் இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே முடிவு இல்லை. குறியீட்டு எழுத்துகள் வெளிர் சாம்பலா, வெள்ளையா, ஸ்கையா என்பதிலும் அப்படித்தான். காக்பிட் உள்நிறம் இன்னும் மோசம். "பிரிட்டிஷ் விமானம், அதனால் பிரிட்டிஷ் சாம்பல்பச்சை" என்று தாளில் போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்கத் தொழிற்சாலையில் பிறந்த விமானம். உலகத்தில் இன்று எஞ்சியிருப்பது பின்லாந்தின் பிடபிள்யூ-372 என்ற ஒரே பஃபலோதான், 1998-ல் ரஷ்ய ஏரி ஒன்றிலிருந்து எடுத்தது. அது பி-239 என்ற வேறு வகை. சிங்கப்பூரில் பறந்த வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எனவே போய்த் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை.

இந்த நிலையில் நான் செய்வது: அடிப்பக்கத்துக்கு ஸ்கை நிறத்தைப் பூசுவேன், கொஞ்சம் வெள்ளை கலந்து. இடது இறக்கையைக் கறுப்பாக்குவது நான் பின்பற்றும் படத்தில் கறுப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும். நீங்கள் வெளிர் நீலம் பூசினாலும் உங்களைத் தவறு என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. ஆனால் மேல்பக்கத்தில் பாலைவன மஞ்சளைப் பூசினால், அது தவறு என்று சொல்வேன். தவறுக்கும் கருத்து வேறுபாட்டுக்கும் உள்ள இந்தக் கோட்டை மகளுக்கும் காட்டுங்கள். எந்த வாக்கியத்துக்குப் பின்னால் சான்று நிற்கிறது, எதற்குப் பின்னால் ஊகம் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க அவள் இந்தச் சின்ன விமானத்திலேயே கற்றுக்கொள்வாள்.

கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிப்பதற்கு ஒரு நுணுக்கம் உண்டு, அது தெரியாமல் பலர் வாதாடுகிறார்கள். அந்தக் காலத்தில் இரண்டு வகை ஃபிலிம் புழக்கத்தில் இருந்தது. ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற வகைக்குச் சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டுவிடும், நீலமோ வெளுத்துப்போகும். பான்குரோமேட்டிக் ஃபிலிமில் மஞ்சள் வெளிர் நிறமாக வரும். எனவே ஒரு படத்தில் வட்டத்தைச் சுற்றிய வளையம் இருட்டாக இருப்பதைப் பார்த்து "இதில் மஞ்சள் வளையமே இல்லை" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலில் வால் பட்டைகளைப் பாருங்கள். நீலம் சிவப்பைவிட நன்றாக வெளுத்திருந்தால் அது ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தில் எந்த நிறத்தின் வெளுப்பையும் கருமையையும் அப்படியே நம்ப வேண்டாம். அப்புறம், படம் எடுத்த மாதத்தையும் பாருங்கள். 1941-ல் பத்திரிகைகளுக்காக எடுத்த படங்களில் விமானங்கள் துடைத்து வைத்ததுபோல இருக்கும். ஜப்பானியர் கைப்பற்றிய பின் எடுத்த படங்களும் உண்டு. அவற்றில் சில விமானங்கள் உடைந்தும் குறிகள் மாற்றப்பட்டும் இருக்கும். ஒரே விமானம் இந்த இரண்டுக்கும் நடுவில் 1942 ஜனவரியில் எப்படி இருந்தது என்பதற்கான படங்கள்தான் மிகக் குறைவு.

கிட்டை, அதாவது மாடல் பெட்டியைப் பற்றிச் சுருக்கமாக: நீங்கள் வாங்கியது 1970-களில் உருவான அச்சு. உருவம் நன்றாக இருக்கிறது, பாகங்கள் ஒழுங்காகப் பொருந்துகின்றன, காக்பிட் மட்டும் வெறுமையாக இருக்கும். முதல் விமானத்துக்கு அது போதும். உண்மையான விமானத்தின் இறக்கை நீட்டம் 10.67 மீட்டர், இந்த அளவில் 22 சென்டிமீட்டருக்குச் சற்றே கூட, எனவே புத்தக அலமாரியில் சுலபமாக உட்காரும். 1/72-ல் 15 சென்டிமீட்டருக்குள் அடங்கும், ஆனால் முதல் முறை செய்யும் கைக்கு அந்தச் சன்னல் சட்டங்கள் மிகச் சிறியவை. இன்னொன்று செய்ய ஆசை வந்தால் ஸ்பெஷல் ஹாபி நிறுவனத்தின் பஃபலோக்கள் 1/72-லும் 1/32-லும் வந்திருக்கின்றன. பெட்டியில் எஃப்2ஏ-3 என்று போட்டிருந்தால் மட்டும் யோசியுங்கள். அது அமெரிக்கக் கடற்படையின் பிந்தைய வகை, அதன் மூக்கு நீளம்; சிங்கப்பூர் விமானமாக மாற்ற அறுவை வேலை தேவைப்படும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் ஊரில் மாடல் செய்பவருக்கு முதல் எதிரி ஈரப்பதம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மழையில்லாத நாளின் நடு மதியத்தில்தான் 60-ஐ ஒட்டி இறங்கும். ஐரோப்பாக்காரர் எழுதும் குறிப்புகளில் இந்தக் கவலையே இருக்காது, அதனால்தான் அவற்றை அப்படியே பின்பற்றுபவர்களுக்கு இங்கே பாதி வேலை கெட்டுப்போகிறது. லாக்கர் பெயிண்டோ மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷோ ஸ்பிரே அடிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும். அப்போது பரப்பு குளிர்ந்துபோகும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நுண்ணிய நீராகப் படியும், பெயிண்ட் வெண்மை பூத்துவிடும். கரும்பச்சைமேல் இது நடந்தால் பூஞ்சை பிடித்ததுபோலத் தெரியும். மழை பெய்யும்போதும் மழைக்குச் சற்று முன்னும் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி மேசையில் வையுங்கள், விலை அதிகமில்லை. என் கணக்கு, 65-க்குக் கீழ் இருந்தால்தான் ஸ்பிரே. இது என் அனுபவத்தில் வந்த எல்லையே தவிர ஆய்வகம் சொன்ன எண் அல்ல.

குளிரூட்டி போட்ட அறை வறண்டுவிடும், எனவே தூரிகை வேலைக்கு அருமையான இடம். ஆனால் நம் வீடுகளில் இருக்கும் குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. எனவே அந்த அறையில் லாக்கர் ஸ்பிரே அடித்தால் அத்தனை ஆவியும் உங்கள் மகளின் நுரையீரலுக்குத்தான் போகும். ஸ்பிரே வேண்டும் என்றால் வெயில் மதியத்தில், சன்னல் ஓரத்தில், கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி போட்ட முகமூடியோடு. சாதாரண அறுவை முகமூடி துகளை ஓரளவு நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. அடுப்பு எரியும் சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். புளோக்கின் பொது நடைபாதையிலும் வேண்டாம். அது பக்கத்து வீட்டுக் குழந்தையும் முதியவரும் நடக்கிற இடம்.

ஆனால் ஸ்பிரேயே இல்லாமல் இதைச் செய்யலாம் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் நல்ல செய்தி. தொழிற்சாலையில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஓர் அங்குலம் அளவுக்கு மங்கலான விளிம்பு இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், 1/48-ல் அது அரை மில்லிமீட்டர்தான். தூரிகையால் தீட்டிய கூர்மையான கோட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு கை தூரத்தில் தெரியாது. தூரிகைக்கு நீரில் கரையும் அக்ரிலிக் வாங்குங்கள், வல்லேஹோ போன்றவை. டாமியாவின் அக்ரிலிக் ஏர்பிரஷில் அருமையாக வேலை செய்யும், ஆனால் தூரிகைக்கு மிக வேகமாகக் காய்ந்து, இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சை இழுத்துக்கொண்டு வரும். அகலமான, மென்மையான தட்டைத் தூரிகை ஒன்று வேண்டும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் செயற்கை இழைத் தூரிகை போதும்.

பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களை முதலில் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப்பசை போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். தூரிகையால் பூசும் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஒரு பூச்சு போட்டு ஓர் இரவு விடுங்கள். அப்புறம் பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு பூச்சு நீளவாக்கில், அது நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது குறுக்குவாக்கில். முதல் பூச்சில் அசிங்கமாகத்தான் இருக்கும், திட்டுத்திட்டாக. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே மனம் உடைந்துவிடும். மூன்றாம் பூச்சில் சமன்படும், நான்காவதில் முடிந்துவிடும். பூச்சுகளுக்கு நடுவில் அவசரப்படாதீர்கள். நம் காற்றில் நீர் அக்ரிலிக் காய்வதற்கு டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும்.

ஒட்டுவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட் வாங்குங்கள். அது இரண்டு பாகங்களின் விளிம்பையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகையால் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடும். சூப்பர் குளூ நம் ஊரில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். அது ஈரத்தால் இறுகுகிற பசை, அதனால் இங்கே சட்டென்று பிடிக்கும், திறந்த பாட்டிலும் விரைவில் கட்டியாகிவிடும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். கண்ணாடி பாகங்களுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோகவே கூடாது. அதன் ஆவி கண்ணாடிமேல் வெள்ளைப் புகையாகப் படியும், ஈரக் காற்றில் இன்னும் அதிகமாக. பஃபலோவின் விதானம் (விமானியை மூடும் கண்ணாடிக் கூண்டு) நீளமானது, நிறைய சட்டம் வைத்தது. இந்த விமானத்தின் முகமே அதுதான். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சட்டங்களைத் தீட்ட, வெட்டித் தயாராக வரும் மறைப்பு ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கும். இந்தத் திட்டத்தில் கூடுதலாகப் பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் அதில் செலவழியுங்கள். விமானத்தின் வயிற்றிலும் கண்ணாடிச் சன்னல் உண்டு. அடிப்பக்கம் தீட்டும் முன் அதையும் மறைக்க மறந்துவிடாதீர்கள்.

பழசாக்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதில்தான் நிறையப் பேர் அளவு மீறுகிறார்கள், என் வேலை அனுபவமும் இங்கேதான் பயன்படுகிறது. வெள்ளிப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு விமானம் முழுக்கப் புள்ளி வைப்பார்கள். உண்மையில் பெயிண்ட் உரிவது கை படும் இடத்திலும் கால் படும் இடத்திலும்தான்: மெக்கானிக் ஏறி நிற்கும் இறக்கை வேர் (உடலோடு சேரும் இடம்), தினமும் கழற்றி மாட்டும் எஞ்சின் மூடியின் திருகுகள், வெடிமருந்துப் பெட்டி மூடிகள், எரிபொருள் வாய். பஃபலோவின் வாலில் அசையும் பாகங்கள் துணி போர்த்தியவை. துணிக்கு அடியில் வெள்ளி கிடையாது, எனவே சுக்கானில் வெள்ளிக் கீறல் போட்டால் விமானம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இந்த விமானங்கள் நம் வெயிலிலும் மழையிலும் ஓராண்டுகூட நின்றவை அல்ல. பெயிண்ட் மங்கியிருக்கும், ஆனால் சிதைந்திருக்காது. எஞ்சின் மூடிக்குப் பின்னால் எண்ணெய்க் கசிவு, புகைக்குழாய்க்குப் பின்னால் கரி, துப்பாக்கி வாய்களைச் சுற்றி மெல்லிய புகைக்கறை, இவ்வளவு போதும். பஃபலோவுக்குத் துணையாக 51 ஹரிக்கேன் போர் விமானங்கள் 1942 ஜனவரி 13-ம் தேதி மரப்பெட்டிகளில் வந்து இறங்கி, ஒரு வாரத்தில் சண்டைக்குப் போயின. அவற்றைச் செய்யும்போது பெயிண்ட் புதிதாகவே இருக்க வேண்டும், சக்கரத்தில் மட்டும் சேறு. அந்தச் சேற்றின் நிறத்திலும் எனக்கு ஒரு யோசனை உண்டு. சிங்கப்பூர் என்றாலே செம்மண் என்று எல்லாரும் சிவப்பைப் பூசுகிறார்கள். காலாங் விமான நிலையம் சதுப்பு நிலத்தை நிரப்பி உருவாக்கிய வட்டமான புல்தரை. அங்கே நின்ற விமானத்துக்கு நான் மங்கலான பழுப்பும் புல்லின் பச்சையும்தான் பூசுகிறேன். இது ஊகம்தான், ஆனால் இடத்தை வைத்துச் செய்த ஊகம்.

பஃபலோ முடிந்ததும் மகள் நிச்சயம் எதிரில் பறந்த விமானத்தைக் கேட்பாள். அப்போது உடனே ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர் விமானத்தை வாங்கிவிட வேண்டாம். அன்றைய விமானிகள் பலர் ஜீரோ என்று எழுதிவைத்தவை பெரும்பாலும் ஜப்பானிய ராணுவத்தின் கி-43 ஹயபூசா. 59-ம் 64-ம் படைப்பிரிவுகள் அதை ஓட்டின. கடற்படை ஜீரோக்களும் இந்த வானில் இருந்தன, ஆனால் குறைந்த எண்ணிக்கையில். ஹசெகாவாவின் 1/48 ஹயபூசா பஃபலோவுக்குப் பக்கத்தில் நிற்க ஏற்றது. கி-43-ன் முதல் வகையா என்று மட்டும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் ஹயபூசாவின் உடல் பக்கவாட்டில் பெரும்பாலும் சிவப்பு வட்டம் இருக்காது, இறக்கைகளில் மட்டும்தான். இறக்கை முன்விளிம்பின் மஞ்சள் பட்டையும் பின்னால் வந்தது. கிட்டில் இரண்டுக்கும் டெக்கல் இருந்தாலும் ஒட்ட வேண்டாம்.

பிள்ளையோடு செய்வதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு அழைத்துப் போங்கள். கல்லறை தெரியாத விமானப்படையினரின் பெயர்கள் அங்கே நினைவுச் சுவர்களில் படைவாரியாகப் பொறித்திருக்கின்றன. நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பெயர்களில் பலருக்கு இருபது, இருபத்திரண்டு வயதுதான். அவள் எந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குள் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதை அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: டெக்கலைச் சோதியுங்கள். பழைய பெட்டி என்பதால் அதுதான் முதலில் காலைவாரும். உங்களுக்குத் தேவைப்படாத ஒரு சின்னக் குறியை வெட்டி வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். முழுதாக வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. துண்டுதுண்டாக உடைந்தால் தாள் முழுவதற்கும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துக் காப்பாற்றலாம். அப்போது ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டி எடுக்க வேண்டும். மஞ்சளடித்திருந்தால் ஜிப் பைக்குள் போட்டு வெயில் படும் சன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுத்துவிடும். இதற்கு நம் வெயில் மிக நல்லது. ஒட்டும்போது விமானத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் இருக்க வேண்டும், மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுங்கும். தாளில் டபிள்யூபி, என்எஃப் இரண்டும் இல்லை என்றால் தனி டெக்கல் தாள் வரவழைக்க வேண்டும். அது வந்துசேரும்வரை காக்பிட்டையும் உடலையும் ஒட்டி முடிக்கலாம், ஆனால் மேல்பக்கப் பச்சையைத் தொடங்க வேண்டாம். பிரிட்டிஷ் உருமறைப்பு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஏ, பி என்ற இரண்டு பாணிகளில் வந்தது. உங்கள் விமானம் எது என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மகள் தேர்ந்தெடுத்த படத்தின் எண்ணை எழுதுங்கள், என்னிடம் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.